ஒரு புத்தகம் எத்தனை நிமிடம்?

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்களின் சங்கமான பபாசி சென்னைப் புத்தகக் காட்சியை 1977-இல் தொடங்கியது. புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் நடுவே அங்கே கூடுகிற கூட்டத்தில், கை கொள்ளாத பைகளோடு வெளியே வருகிறவர்களிடம் இந்த ஆண்டு எவ்வளவு வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் எண்தான் பதிலாக வரும். மாதம் ஒன்று என்று 12 சொல்பவர்கள் உண்டு. வாரம் ஒன்று என்று 52 சொல்பவர்களும் உண்டு. குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளம் 2011-இல் ஆண்டு வாசிப்புச் சவாலைத் தொடங்கியபோது அதுவும் தன் உறுப்பினர்களிடம் எத்தனை புத்தகம் என்றுதான் கேட்டது. எண் சொல்வது சுலபம், நினைவில் நிற்பதும் சுலபம். ஆனால் வாசிக்கிற கண்ணையும், பழக்கம் பிடிக்கிற மனதையும், மறந்துபோகிற மூளையையும் பற்றி ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றை அந்த எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது தவறான அலகு என்றே எனக்குப் படுகிறது.

முதலில் ஜனவரி 1-க்கு நியாயம் செய்துவிடலாம். புத்தாண்டுத் தீர்மானம் என்றாலே பலர் சிரிக்கிறார்கள். நாட்காட்டியில் ஒரு தாள் கிழிவதால் மனிதன் மாறிவிடுவானா என்று கேட்கிறார்கள். கொஞ்சம் மாறுகிறான் என்பதுதான் விடை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கூகுளில் உணவுக் கட்டுப்பாடு பற்றிய தேடல்கள், ஒரு பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை, ஓர் இணையதளத்தில் மக்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிகள் ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். வாரத்தின் தொடக்கம், மாதத்தின் தொடக்கம், ஆண்டின் தொடக்கம் ஆகிய நேரங்களில் மூன்றுமே உயர்ந்தன. பழைய தவறுகளைச் சென்ற காலத்தின் கணக்கில் எழுதிவிட்டு, புதிய ஆளாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள அந்த நாட்கள் உதவுகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அந்த உந்துதல் எவ்வளவு நாள் நிற்கும்? ஜான் நார்கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தீர்மானம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு வாரம் கழித்து 77 விழுக்காட்டினர் தாக்குப்பிடித்தார்கள். இரண்டாண்டு கழித்து 19 விழுக்காடுதான். இந்த 19-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு கைவிரிப்பவர்கள், அவரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட இன்னொரு முடிவையும் பார்க்க வேண்டும். ஒரே வகையான மாற்றத்தை விரும்பியவர்களில், தீர்மானம் எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழித்தும் அதில் நின்றார்கள். விருப்பம் மட்டும் வைத்திருந்து தீர்மானம் எடுக்காதவர்களில் 4 விழுக்காடு. இவை பெரும்பாலும் உடல் எடையையும் உடற்பயிற்சியையும் புகைப்பழக்கத்தையும் பற்றியவை, வாசிப்பைப் பற்றியவை அல்ல. ஆனாலும் சொல்லிவைப்பதற்கே ஒரு பலம் இருக்கிறது என்பதை ஏற்கலாம். எதைச் சொல்லிவைப்பது என்பதுதான் இனிக் கேள்வி.

ஒரு புத்தகம் நம்மிடம் எவ்வளவு நேரம் கேட்கிறது? இதைக் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். வரியின் மேல் பார்வை வழுக்கிக்கொண்டே போவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் கண் தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் நொடி. எழுத்துகள் மூளைக்குப் போவது அந்த நிறுத்தங்களில்தான். தாவும்போது எதையும் சரியாகப் பார்ப்பதில்லை. ஒரு நிறுத்தத்தில் எவ்வளவு பார்க்கிறோம் என்பதை ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் 1975-இல் ஓர் அழகான சோதனையால் அளந்தார்கள். வாசிப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்று கருவி தொடர்ந்து கணினிக்குச் சொல்லும். கணினி அந்த இடத்தைச் சுற்றியுள்ள சில எழுத்துகளை மட்டும் காட்டி, மற்ற எல்லாவற்றையும் வெற்றுக் குறிகளாக மாற்றிவிடும். கண் நகர்ந்தால் சாளரமும் கூடவே நகரும். சாளரத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, எந்த அளவில் வாசிப்பு தடுமாறத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். இந்த வழியில் அடுத்தடுத்து நடந்த சோதனைகளில் ஆங்கிலத்துக்குக் கிடைத்த விடை: இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் 14, 15 எழுத்து. பயிற்சி பெற்ற வாசகருக்கும் அவ்வளவுதான். விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழிக்குத்தான் கூர்மையான பார்வை உண்டு. முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் விழுங்கிவிடலாம் என்கிற பேச்சுக்குக் கண்ணின் அமைப்பிலேயே இடமில்லை.

இந்த வேகத்தில் போனால் நிமிடத்துக்கு எத்தனை சொல்? பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் பிரிஸ்பேர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து, 2019-இல் ஆங்கிலத்துக்கு ஒரு சராசரி கொடுத்தார். மனதுக்குள் வாசிக்கும்போது கட்டுரை நூல்களுக்கு 238 சொல், புனைவுக்கு 260. அதற்கு முன் பலரும் 300 என்று சொல்லிவந்தார்கள். தமிழ் வாசகர் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு தன்னை மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 17 மொழிகளில் ஒரே உரையை உரக்க வாசிக்கச் சொல்லி 2012-இல் வெளியான ஓர் அளவீட்டில் ஆங்கிலம் நிமிடத்துக்கு 228 சொல், ஃபின்னிஷ் 161. ஃபின்லாந்துக்காரர்கள் மெதுவாக வாசிப்பவர்கள் என்று பொருளில்லை. அந்த மொழி வேற்றுமை உருபுகளைச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே போகும், அதனால் சொல் ஒவ்வொன்றும் நீளம். தமிழும் அப்படி ஒட்டும் மொழிதான். அந்த 17-இல் தமிழ் இல்லை. எனவே உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்வது நல்லது. கையிலிருக்கும் நாவலில் பத்துப் பக்கத்தை, யாரும் தொந்தரவு செய்யாத வேளையில், வழக்கமான நிதானத்தோடு வாசித்து நேரம் பாருங்கள்.

கணக்குக்காக ஒரு பக்கத்தில் 200 சொல், நிமிடத்துக்கு 125 சொல் என்று வைத்துக்கொள்வோம். 250 பக்க நூல் 400 நிமிடம் கேட்கும். நாள்தோறும் அரை மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தால் ஆண்டுக்கு 10,950 நிமிடம், அதாவது ஏறத்தாழ 27 நூல். காய்ச்சல், கல்யாணம், பிள்ளைகளின் தேர்வு, ஊர்ப்பயணம் எல்லாம் கழித்தால் 20 என்று கொள்ளலாம். 52 என்று சொல்லிவைத்தவர் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தை வாக்களித்திருக்கிறார். அவர் சொன்னது ஓர் எண். அதற்குள் இருந்தது ஏறத்தாழ 347 மணி நேரம். அந்த நேரம் எந்த வேளையிலிருந்து வரும் என்று டிசம்பரில் அவர் யோசித்திருக்க மாட்டார்.

நேரம் போதாது என்றதும் வேக வாசிப்பு நினைவுக்கு வருகிறது. எவ்லின் வுட் 1959-இல் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சி முதல் இன்றைய செயலிகள் வரை, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொல் என்ற வாக்குறுதி ஓயவில்லை. கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் இந்த ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்து எழுதியதன் சாரம்: வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒன்றாகக் கூட்ட வழி கிடைக்கவில்லை. கண் படித்ததற்குத் திரும்பிப் போவது வீண் என்று வேகப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். 2014-இல் எலிசபெத் ஷாட்டர் குழுவினர் அதையும் சோதித்தார்கள். வாசிப்பவரின் கண் ஒரு சொல்லைத் தாண்டியதும் அந்தச் சொல்லைத் திரையில் மறைத்தார்கள், திரும்பிப் பார்க்க எதுவும் மிஞ்சாதபடி. புரிதல் சரிந்தது. திரும்பிப் போகும் அந்தச் சிறு அசைவில்தான் நாம் புரியாததைப் புரிந்துகொள்கிறோம். வேகத்தைக் கூட்ட ஒரே நல்ல வழி, அந்தத் துறையின் சொற்களும் வாக்கியங்களும் பழகிப்போகும் அளவுக்கு நிறைய வாசிப்பது. அதற்கும் ஆண்டுகள் வேண்டும்.

இனி எண்ணிக்கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இலக்கில் எண் இருந்தால் வேலை நடக்கும் என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. கேரி லேதமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975-இல் எழுதியது இத்துறையில் புகழ்பெற்ற ஆய்வு. அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் மரத்தடி ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் 60 விழுக்காடு அளவுக்கே ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள் என்று சொல்லி வந்ததை விட்டுவிட்டு, 94 விழுக்காடு என்று குறிப்பாகச் சொன்னதும் ஏற்றும் அளவு 90-ஐத் தாண்டியது. கூலி கூடவில்லை, எண் மட்டும் தெளிவானது. மரத்தடிக்கு இது பொருந்துகிறது, ஏனென்றால் ஒரு டன் மரம் இன்னொரு டன் மரத்துக்குச் சமம்.

புத்தகம் அப்படிச் சமமாக இல்லையே. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக வந்தது. பெரும்பாலானவை பெருநூல்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். அதை ஒன்று என்று எண்ணுவதா, ஐந்து என்று எண்ணுவதா? 52 என்று எழுதிவைத்தவர் செப்டம்பரில் 31-இல் நிற்கும்போது, அவர் கை தானாகவே அலமாரியின் மெலிந்த நூல்களை நோக்கிப் போகும். வாசிக்க வேண்டும் என்று பல நாள் ஆசைப்பட்ட தடித்த நூல் அங்கேயே இருக்கும். அளவுகோல் வாசகரின் தேர்வையே மாற்றிவிட்டது. குறுநாவல்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழின் மிகச் சிறந்த எழுத்தில் ஒரு பகுதி நூறு பக்கத்துக்குள் இருக்கிறது. அவற்றை எண்ணுக்காக எடுப்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்பமும் குறைகிறது. ஜோர்டன் எட்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், வண்ணம் தீட்டுதல், நடத்தல், வாசித்தல் போன்ற விருப்பச் செயல்களைச் செய்பவர்களுக்கு அவர்கள் செய்த அளவைக் காட்டினார். அளவு கண்ணெதிரே இருந்தபோது செயல் கூடியது. ஆனால் அதில் கிடைத்த மகிழ்ச்சி குறைந்தது. அளக்கும் ஏற்பாடு போனபிறகு அந்தச் செயலைத் தொடரும் ஆர்வமும் குறைந்தது. விளையாட்டாக இருந்தது வேலையாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது என்கிறார் அவர். ஆண்டுக்கணக்கில் நீடிக்க வேண்டிய வாசிப்புக்கு இதைவிடப் பெரிய இடர் எது?

அப்படியென்றால் குறிப்பே எழுத வேண்டாமா என்று கேட்டால், சார்லஸ் டார்வினைக் காட்டுவேன். அவர் 1838 முதல் 1860 வரை வாசிப்புக்கென்றே குறிப்பேடுகள் வைத்திருந்தார். வாசிக்க வேண்டியவை ஒரு பட்டியல், வாசித்து முடித்தவை இன்னொரு பட்டியல். ஆண்டுக்கு இத்தனை என்ற எண்ணுக்காக அவர் அவற்றை வைத்திருக்கவில்லை. எங்கே போய்வந்தோம், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதுதான் அவற்றின் பயன். ஜெய்மி மர்டாக், காலின் ஆலன், சைமன் டெடியோ மூவரும் 2017-இல் அந்தப் பட்டியலின் ஆங்கிலக் கட்டுரை நூல்களில் 687-ஐ எடுத்து, ஒவ்வொரு நூலும் அதற்கு முன் வாசித்தவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கணினியால் அளந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அவர் ஒரு துறைக்குள்ளேயே ஆழமாகத் தோண்டுகிறார், அடுத்தடுத்த நூல்கள் நெருங்கிய உறவினர்கள். பிற்காலத்தில் தொலைவு கூடுகிறது, தாவல்கள் பெரிதாகின்றன. திருப்பங்கள் அவர் வாழ்க்கைப் பணியின் திருப்பங்களோடு ஒத்துப்போகின்றன: 1846 முதல் 1854 வரை கப்பலடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு உயிரிகளோடு கழித்த ஆண்டுகள், பிறகு 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலுக்கான ஆண்டுகள். வாசிப்புக்கு ஒரு திசை இருக்கலாம், அந்தத் திசை காலத்துக்குத் தக்கபடி மாறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தோண்டும் ஆண்டும் உண்டு, அலையும் ஆண்டும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது.

அதே டார்வின் 1838-இன் பிற்பகுதியில் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையை எடுத்தது பொழுதுபோக்குக்காக என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். இயற்கைத் தேர்வு என்ற கருத்துக்கு வழிகாட்டிய நூல் அது. எந்தத் திட்டத்துக்கும் உட்படாத வாசிப்புக்கு இடம் விட்டுவைக்க வேண்டும் என்று இதை வைத்து நான் வாதாடுவேன்.

அவர் வருந்திய ஒன்றும் உண்டு. இளமையில் கவிஞர் மில்டனை நேசித்தவர் அவர். பீகிள் கப்பல் பயணத்தில் கரையிறங்கி உள்நாட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு நூலைத்தான் எடுத்துப் போக முடியும் என்றால் மில்டனைத்தான் எடுத்தார். 1876-இல் தன் வரலாற்றை எழுதும்போது, பல ஆண்டுகளாக ஒரு வரிக் கவிதையைக்கூடத் தன்னால் தாங்க முடியவில்லை என்றும், ஷேக்ஸ்பியர் சலிப்பூட்டுகிறார் என்றும் எழுதினார். அந்த ரசனை போனதை மகிழ்ச்சியின் இழப்பு என்றே கருதினார். மறுபடி ஒரு வாழ்க்கை கிடைத்தால், வாரம் ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை வாசிப்பதை, இசை கேட்பதை விதியாக வைத்துக்கொள்வேன் என்கிறார். அந்த விதியில் இத்தனை நூல் என்ற கணக்கே இல்லை. வாரம், வேளை, கொஞ்சம். 67 வயதில் ஒரு மேதை தனக்காக எழுதிய வாசிப்பு இலக்கு இது. இன்றைய உளவியல் ஆய்வுகளோடு அது வியக்கும்படி ஒத்துப்போகிறது.

பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரும் 1997-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். ஜெர்மன் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். விடுமுறை, விருந்து, உறவினர் கூட்டம் எல்லாம் குறுக்கே நிற்கும் நேரம். பாதிப் பேரை மட்டும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துத் தராதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே எழுதி அனுப்பினார்கள். குறித்துத் தந்தவர்களில் மூன்றில் இரு பங்குக்கும் மேல். விருப்பம் இரு பக்கமும் ஒன்றுதான். இடமும் வேளையும் முன்பே முடிவானதுதான் வேறுபாடு. வேளை வந்ததும் யோசிக்காமலே கை வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே ‘நிறைய வாசிப்பேன்’ என்பதை விட்டு, ‘இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், முன்னறை நாற்காலியில், அரை மணி நேரம்’ என்று எழுதுங்கள். ‘படுக்கையில் போனைத் தொடமாட்டேன்’ என்று எழுத வேண்டாம். ஸ்வீடனில் 1,066 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்வேன் என்று எடுத்த தீர்மானங்கள் 58.9 விழுக்காடு வெற்றி பெற்றன, ஒன்றைத் தவிர்ப்பேன் என்று எடுத்தவை 47.1. போன் இருந்த இடத்தில் புத்தகத்தை வைப்பதாக எழுதினால் அதுவே செய்யும் தீர்மானமாகிவிடும்.

இந்த அரை மணி நேரம் எப்போது பழக்கமாகும்? 21 நாள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரைக் கவனித்து எழுதிய ஆய்வில் நடுவில் நின்ற எண் 66 நாள். சிலருக்கு 18 போதுமாக இருந்தது, சிலருக்கு 254 வேண்டும் என்று கணக்கு காட்டியது. ஆகவே பொங்கலுக்குள் பழக்கம் படியவில்லை என்று மனம் உடைய வேண்டாம், பங்குனி வரை பொறுங்கள். அதே ஆய்வில் ஆறுதலான ஒன்றும் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் பிடிப்பதற்குப் பெரிய குந்தகம் இல்லை. தவறிய நாளைவிட, தவறியதைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுதான் ஆபத்து. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களைப் பற்றி பீட்டர் ஹெர்மன் 1970-களில் செய்த சோதனைகளில், கட்டுப்பாட்டை ஒருமுறை மீறிவிட்டோம் என்று உணர்ந்தவர்கள் அதன்பின் நிறுத்தாமல் இன்னும் அதிகமாகவே சாப்பிட்டார்கள். பிப்ரவரியில் ஒரு வாரம் விட்டுப்போனதும் ‘இனி அடுத்த ஆண்டுதான்’ என்று மூடிவைக்கிற வாசகர் மனதிலும் இதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன். புத்தக எண்ணிக்கை இந்தச் சறுக்கலை வளர்க்கும், ஏனென்றால் பாக்கி கூடிக்கொண்டே போகும். வேளை இலக்கில் பாக்கி கிடையாது. நேற்றைய அரை மணி போய்விட்டது, இன்றையது இன்றைக்கு முழுதாக இருக்கிறது.

வாசித்தது என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. எண்ணுக்காக ஓடும் வாசகர் கடைசிப் பக்கத்தை மூடியதும் அடுத்ததன் முதல் பக்கத்தைத் திறக்கிறார். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு கட்டுரைத் துண்டை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நான்கு முறை வாசித்தவர்களிடம் 40 விழுக்காடு மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. நினைவிலிருந்து தேடி எடுக்கும் முயற்சியே நினைவைக் கெட்டிப்படுத்துகிறது.

எனவே என் பரிந்துரை: அந்த அரை மணி நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, வாசித்ததை நான்கு வரி எழுதுங்கள். வீட்டில் கேட்க ஆள் இருந்தால் வாயால் சொல்லுங்கள், கதை கேட்கிற குழந்தை இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஐந்து நிமிடத்தால் நம் கணக்கில் ஆண்டுக்கு நான்கு நூல் குறையும். குறையட்டும். பிடிக்காத நூலை ஐம்பதாம் பக்கத்தில் விட்டுவிடுங்கள், அந்த நேரமும் வாசித்த நேரம்தான். பிடித்ததை மறுபடி எடுங்கள். இந்த வேளை உங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை என்று மார்ச்சில் தெரிந்தால், சித்திரை முதல் நாள் இருக்கிறது, உங்கள் பிறந்தநாள் இருக்கிறது, அதுவரை பொறுக்க முடியாவிட்டால் வருகிற திங்கட்கிழமை இருக்கிறது. அன்றைக்கு வேளையை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்: இரவு வேண்டாம், விடிகாலைக் காபிக்குப் பிறகு, திண்ணையில், இருபது நிமிடம்.